மஞ்சள் விளக்கும் பதிவேடும்

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். மேடையில் பேசிய நடையிலேயே சில இடங்கள் விடப்பட்டுள்ளன.)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா யாரும் தூங்கிடக் கூடாது" என்றார். இரண்டில் ஒன்றுக்குத்தான் என்னால் உத்தரவாதம் தர முடியும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். நான் முப்பது வருஷத்துக்கு மேல் செய்த வேலை, தகவல் சேமிப்புச் சாதனங்களைப் பராமரிப்பது. அதாவது ஹார்ட் டிஸ்க், டேப், சர்வர் இவற்றுக்கெல்லாம் காய்ச்சல் வருகிறதா என்று தொட்டுப் பார்க்கிற வேலை. அதில் நான் கற்றதையும், ஒரு முறை நான் செய்த தப்பையும் இன்று சொல்லப் போகிறேன். இரண்டாவது விஷயத்தை இந்த மேடையில்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

முதலில் நம் எலக்ட்ரிகல் மெஷின்ஸ் லேப். 1985 முதல் 1989 வரை இங்கே படித்தவர்களுக்கு அந்த லேப் அட்டெண்டர் அண்ணனை நன்றாக நினைவிருக்கும். காக்கிச் சட்டை, காதில் ஒரு பென்சில். மோட்டாரை ஓட விட்டதும் நாங்கள் மீட்டரைப் பார்ப்போம். அவர் ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரை எடுத்து, முனையை பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "தம்பி, இது இன்னும் ஒரு மாசம்தான் ஓடும்" என்பார். பிறகு சுவரில் ஆணியில் தொங்கும் பதிவேட்டில் தேதி போட்டு எழுதுவார். நாங்கள் சிரிப்போம். ஒரு மாதத்தில் பேரிங் போகும். நாங்கள் சிரிப்பதை நிறுத்துவோம்.

ஒரு நாள் நான் கேட்டேன்: "அண்ணே, ஹெச்.ஓ.டி. இதைப் படிக்கிறதே இல்லையே, எதுக்கு எழுதுறீங்க?" அவர் சொன்னார்: "படிக்கிறது அவர் வேலை தம்பி. எழுதுறது என் வேலை." அப்போது அது எனக்கு ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது. அதன் அர்த்தம் பதினைந்து வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது ஹார்ட் டிஸ்க்குக்கு வருவோம். 1956-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்ற கணினியில்தான் முதல் டிஸ்க் வந்தது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். ஏறத்தாழ ஒரு டன் எடை. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று நீங்கள் கல்யாண வீட்டில் எடுக்கிற ஒரே ஒரு நல்ல போட்டோவுக்குத்தான் அது காணும்!

பின்னால் வந்த டிஸ்க்கில் தட்டு சிறுத்தது, வேகம் கூடியது. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் விநாடிக்கு 120 சுற்று. மூன்றரை அங்குல டிஸ்க்கின் வெளி ஓரம் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதன் மேல் படிக்கும் தலை சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடி ஒன்றின் கனம் பல பத்தாயிரம் நானோமீட்டர். இந்த லட்சணத்தில் அது ஐந்து வருஷம் ஓடுகிறதே, அதுதான் அதிசயம். கெட்டுப்போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

எவ்வளவு மென்மையான சமாசாரம் என்பதற்கு ஒரு உதாரணம். 2008-ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்குக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து பலமாகக் கத்தினார். டிஸ்க் பதில் சொல்ல எடுக்கும் நேரம் அந்தக் கணமே எகிறியதைக் கணினித் திரையில் வரைபடமாகக் காட்டினார். அதிர்வு தட்டுக்குப் போகிறது, தலை தடுமாறுகிறது, மறுபடி படிக்க வேண்டியதாகிறது. வீட்டில் கத்தினால் வேலை நடக்கும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கத்தினால் டிஸ்க்கே மெதுவாகத்தான் வேலை பார்க்கிறது!

சரி, கெட்டுப்போகும் பொருள் என்றால் அதை எப்படிக் கண்காணிப்பது? அட்டெண்டர் அண்ணன் ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்டாரே, அதையே டிஸ்க் தனக்குத் தானே செய்துகொண்டால்? 1992-இல் ஐபிஎம் தன் ஏ.எஸ்./400 கணினிகளின் டிஸ்க்குகளில் இந்த வசதியைக் கொண்டுவந்தது. பிறகு காம்பாக் நிறுவனம் சீகேட், குவாண்டம், கானர் ஆகிய டிஸ்க் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து இதே போல ஒன்றைச் செய்து, 1995-இல் எல்லோருக்கும் பொதுவான தரமாக முன்வைத்தது. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். தன்னைத் தானே கண்காணித்து, ஆராய்ந்து, அறிவிக்கும் நுட்பம் என்பதன் சுருக்கம். உங்கள் வீட்டுக் கணினியில் இருக்கும் டிஸ்க்கிலும் இது இருக்கிறது. நீங்கள் கேட்டதில்லை, அதனால் அது சொன்னதில்லை. அவ்வளவுதான்.

ஸ்மார்ட்டில் நிறைய எண்கள் வரும். மாணவர்கள் நான்கை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

5-ஆம் எண்: கெட்டுப்போன செக்டருக்குப் பதில் உபரியாக வைத்திருந்த செக்டரை எத்தனை முறை மாற்றிக்கொடுத்தது என்ற கணக்கு. வண்டியில் ஸ்டெப்னி எடுத்து மாட்டுவது மாதிரி. 197-ஆம் எண்: படிக்க முடியவில்லை, என்ன செய்வது என்று தீர்மானிக்காமல் காத்திருக்கும் செக்டர்கள். 187-ஆம் எண்: திருத்தவே முடியாமல் போய்க் கணினியிடம் 'முடியாது' என்று சொல்லிவிட்ட தடவைகள். இந்த மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யத்தை விட்டு நகர்ந்து, வாரத்துக்கு வாரம் ஏறுகிறது என்றால் புது டிஸ்க்குக்கு ஆர்டர் போட்டுவிடுங்கள்.

நான்காவது, 199-ஆம் எண். இது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் சிதைந்த கணக்கு. பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க் அல்ல, கேபிள். இது தெரியாமல் நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, புது டிஸ்க்கை அதே ஓட்டைக் கேபிளில் மாட்டி, "இதுவும் சரியில்லை சார்" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். மொட்டை மாடியில் ஆன்டெனா திரும்பிக்கிடக்க, டி.வி. பெட்டியைத் தட்டிய தலைமுறைதானே நாம்!

இந்த எண்களைத் தினமும் யார் பார்ப்பது? அதற்கும் ஆள் உண்டு. புரூஸ் ஆலன் என்ற இயற்பியலாளர் ஈர்ப்பு அலை ஆராய்ச்சியில் இருப்பவர். அந்த ஆராய்ச்சிக்கான கணினிக் கூட்டத்தில் டிஸ்க்குகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. 2002-இல் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளைத் தொடங்கினார். அது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். எண் மாறினால் மெயில் அனுப்பும். காசு கிடையாது. நிறுவ ஐந்து நிமிஷம். ஆனாலும் பாருங்க, முக்கால்வாசி இடத்தில் இருக்காது.

இனி ஒரு எச்சரிக்கை. டிஸ்க் சொன்னால் நம்பலாம். சொல்லாவிட்டால் 'நன்றாக இருக்கிறது' என்று நம்பக் கூடாது. 2007-ஆம் ஆண்டு கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ ஆகிய மூவர், தங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தட்டைத் தானாகச் சோதிக்கும்போது முதல் பிழை கண்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் கெட்டுப்போகும் வாய்ப்பு, பிழை காணாத டிஸ்க்கை விட 39 மடங்கு. ஆகவே டிஸ்க் முனகினால் உடனே கவனிக்க வேண்டும். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு கணக்கு: கெட்டுப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு அறிகுறிகளில் எதையுமே காட்டாமல் போயிருக்கின்றன. முந்தின நாள் சாயந்திரம் வரை சிரித்துப் பேசிவிட்டு ராத்திரியில் போய்விடுகிற மனிதர்கள் இல்லையா, அதுபோல.

கம்பெனிக்காரன் பெட்டியில் போடுகிற கணக்கும் இப்படித்தான். 'சராசரியாகப் பத்து லட்சம் மணி நேரத்துக்கு ஒரு பழுது' என்று போட்டிருப்பான். பத்து லட்சம் மணி என்றால் 114 வருஷம். என் பேரன் காலம் வரை ஓடும் என்று அர்த்தமா? இல்லை. ஆயிரம் டிஸ்க் வைத்திருந்தால் வருஷத்துக்கு ஏறத்தாழ ஒன்பது போகும் என்று அர்த்தம். அதுவும் காகிதத்தில். அதே 2007-இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் உண்மையில் ஓடிக்கொண்டிருந்த சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் மாற்றுக் கணக்கைப் பார்த்தார்கள். வருஷத்துக்கு 2 முதல் 4 சதவீதம் என்பது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 சதவீதம் வரை போயிருந்தது.

இந்தக் கார்த் கிப்சன் வேறு யாரும் அல்ல. 1988-இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், ரேண்டி கேட்ஸ் ஆகியோரோடு சேர்ந்து ரெய்டு என்ற ஏற்பாட்டைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதியவர். ரெய்டு என்றதும் வருமான வரிக்காரர்களை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஐந்து டப்பாவில் சில்லறை வைக்கிறோம். நாலு டப்பாவில் 4, 7, 2, 6. ஐந்தாவதில் அவற்றின் கூட்டுத்தொகை 19 என்று ஒரு சீட்டு. ஏதாவது ஒரு டப்பா தொலைந்தால், மீதியைப் பார்த்துத் தொலைந்ததைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு தொலைந்தால் சாமிக்குக்கூட முடியாது. உண்மையில் அது கூட்டல் அல்ல, எக்ஸ்-ஆர் கணக்கு. கூட்டுத்தொகையும் ஒரே டிஸ்க்கில் இராமல் ஐந்திலும் பரவி இருக்கும். தத்துவம் இதுதான். ஐந்தில் ஒன்று செத்தாலும் வேலை நிற்காது. பயனாளிக்குத் தெரியவே தெரியாது.

தெரியவே தெரியாது என்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. வேலை நின்றால் எல்லோரும் ஓடி வருவார்கள். நிற்காவிட்டால் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரியும், ஒரு பீப் சத்தம் வரும். அவ்வளவுதான். இனி என் கதை.

2004-ஆம் ஆண்டு. தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். கணினிகளைப் பராமரிக்கும் ஒப்பந்தம் நான் வேலை பார்த்த நிறுவனத்திடம் இருந்தது. பொறுப்பு என்னுடையது. நோயாளிகளின் பதிவுகள், ஸ்கேன் படங்கள் எல்லாம் ஒரே சர்வரில். 73 ஜி.பி. டிஸ்க் ஐந்து, ரெய்டு. பக்கத்தில் பேக்கப் எடுக்க ஒரு டேப் டிரைவ். அங்கே ஆபரேட்டராக ஒரு பையன். டிப்ளமா முடித்தவர், வயது 23. மாதச் சம்பளம் சொற்பம். நான்தான் வேலை சொல்லிக் கொடுத்தேன். நம் லேப் அண்ணனை நினைத்துக்கொண்டு ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுத்து, "தம்பி, டிஸ்க்கில் மஞ்சள் லைட்டு எரிஞ்சா தேதி போட்டு எழுதணும், எனக்குப் போன் பண்ணணும்" என்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. "சார், மூணாவது டிரேல மஞ்சள் லைட்டு. பீப் பீப்னு கத்துது சார். ராத்திரி டியூட்டி நர்ஸம்மா தூக்கம் போச்சுன்னு சண்டைக்கு வர்றாங்க." நான் அப்போது வேறு ஊரில் ஒரு பெரிய வேலையில் இருந்தேன். கன்ட்ரோலர் மெனுவில் எங்கே போய் சத்தத்தை நிறுத்துவது என்று போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். "ஒண்ணு போனா பரவாயில்லை, ஓடும். வெள்ளிக்கிழமை புது டிஸ்க்கோட வர்றேன்" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. அடுத்த வெள்ளியும் போகவில்லை. பொய் சொல்லவில்லை, மறந்தே போய்விட்டேன். சத்தம் அங்கே நின்றதும் என் மனசிலும் நின்றுவிட்டது. அந்தத் தம்பி நடுவில் இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும் "வர்றேன் தம்பி" என்றேன். மூன்றாவது சனிக்கிழமைதான் போனேன். பத்தொன்பதாவது நாள்.

செத்த டிஸ்க்கை உருவிவிட்டுப் புதியதைச் செருகினேன். மீதி நாலையும் படித்து ஐந்தாவதை மறுபடி கட்டும் வேலை தொடங்கியது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 61 சதவீதத்தில் நிற்கிறது. முதலாவது டிரேயில் இருந்த டிஸ்க்கில் சில செக்டர்களைப் படிக்க முடியவில்லை. கன்ட்ரோலர் அதையும் செத்ததாகக் கணக்கு வைத்து மொத்தத்தையும் மூடிவிட்டது. இரண்டு டப்பா தொலைந்துவிட்டது.

அந்த செக்டர்கள் அன்றைக்குக் கெட்டவை அல்ல. எப்போதோ கெட்டு, யாரும் அந்தப் பக்கம் போகாததால் தெரியாமல் கிடந்தவை. பரணில் வைத்த பத்திரத்தைக் கரையான் அரிப்பது போல, எடுத்துப் பார்க்கும் நாளில்தான் தெரியும். 2007-இல் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை 32 மாதம் கவனித்த ஓர் ஆய்வு வெளிவந்தது. அவற்றில் 3.45 சதவீத டிஸ்க்குகளில் இப்படி ஒளிந்திருந்த பிழைகள் வந்திருந்தன. அவற்றில் பெரும்பகுதியைக் கண்டுபிடித்தது, ஓய்வு நேரத்தில் டிஸ்க் முழுவதையும் தானாகப் படித்துப் பார்க்கும் சோதனை ஓட்டம்தான். எங்கள் கன்ட்ரோலர் மெனுவிலும் அப்படி ஒரு சோதனை இருந்தது. நான் ஒரு நாள்கூட ஓட்டியதில்லை.

பேக்கப் டேப் இருக்கிறதே என்று போனேன். டேப் டிரைவில் 'சுத்தம் செய்' என்ற விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. தலையில் அழுக்கு. இரவுதோறும் பேக்கப் தோற்றுப்போயிருக்கிறது. தோற்றுப்போனதை சர்வர் ஒழுங்காக ஒரு ஃபைலில் எழுதியும் வைத்திருக்கிறது. அந்த ஃபைலை யாரும் திறக்கவில்லை. கடைசியாக நல்லபடியாக எடுத்த டேப், நாலு மாதத்துக்கு முந்தியது. தகவல் மீட்கும் நிறுவனம் ஒன்றுக்கு டிஸ்க்குகளை அனுப்பிக் கொஞ்சம் மீட்டோம். மீதி போனது போனதுதான்.

முதல் நாளே போயிருந்தால் தப்பியிருக்குமா? அந்த ஒளிந்திருந்த பிழை அன்றைக்கே இருந்திருக்கலாம். ஆனால் பத்தொன்பது நாளும் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஃபைல்களைப் படிக்க முடிந்தது. முதல் நாளே போயிருந்தால் டேப்பைப் பார்த்திருப்பேன். எல்லாவற்றையும் வேறு கணினிக்கு ஒரு பிரதி எடுத்துவிட்டு அப்புறம் டிஸ்க்கைத் தொட்டிருப்பேன். அதற்குப் பத்தொன்பது நாள் தேவையில்லை, ஒரு ராத்திரி போதும்.

அடுத்த வாரம் நான் அந்த சர்வர் அறையில் இருந்தபோது பக்கத்தில் ஸ்கேன் பிரிவில் ஒரு அம்மா நின்றிருந்தார். கணவருக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் எடுத்த படம் வேண்டும். கட்டி வளர்ந்திருக்கிறதா என்று டாக்டர் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். "படத்தைக் கம்ப்யூட்டர்ல பத்திரமா வெச்சிருக்கோம்னு சொன்னீங்களேய்யா" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். பிரிவில் இருந்தவர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நான் கீழே குனிந்து கேபிளைச் சரிசெய்வது போல் நடித்தேன். அந்தப் படம் கடைசி வரை கிடைக்கவில்லை.

இதற்கு மேல் நான் செய்ததுதான் பெரிய தப்பு. நிர்வாகம் அறிக்கை கேட்டது. பழுது எப்போது வந்தது, ஏன் உடனே கவனிக்கவில்லை என்று. போனில் பேசியதற்கு எழுத்து ஆதாரம் இல்லை. எனக்கு வீட்டுக் கடன் இருந்தது, இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். 'ஆபரேட்டர் உரிய நேரத்தில் தகவல் தெரிவிக்கவில்லை' என்று ஒரு வரி எழுதினேன். ஒரே ஒரு வரி. அந்தத் தம்பியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் என்னிடம் வந்து சண்டை போடவில்லை. எதுவுமே கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, அறையை மாற்றும்போது அந்த நீள நோட்டு கைக்கு வந்தது. புரட்டினேன். '3-வது டிரே மஞ்சள் விளக்கு. சாருக்குப் போனில் சொன்னேன். வெள்ளி வருவதாகச் சொன்னார்.' அடுத்த நாள்: '3-வது டிரே மஞ்சள் விளக்கு.' அடுத்த நாள்: '3-வது டிரே மஞ்சள் விளக்கு.' ஞாயிறு நீங்கலாக பதினேழு நாள், பதினேழு வரி. டேப் டிரைவ் விளக்கைப் பற்றி ஒன்றும் இல்லை. ஏனென்றால் அந்த விளக்கைப் பற்றி நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

"படிக்கிறது அவர் வேலை தம்பி, எழுதுறது என் வேலை" என்று நம் லேப் அண்ணன் சொன்னாரே, அது அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. எழுத வேண்டியவர் எழுதிவிட்டார். படிக்க வேண்டியவன் நான்.

அன்றிரவே இரண்டாவது அறிக்கை எழுதினேன். நோட்டின் பக்கங்களை நகல் எடுத்து இணைத்தேன். என் நிறுவனத்தில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், ஒரு வருஷ இன்கிரிமென்ட் போனது. குறைவான தண்டனை. மருத்துவமனை அந்தத் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டது. அதற்குள் அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். நேரில் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது: "லைட்டு எரிஞ்சா எழுதணும்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க. அதான் எழுதினேன்." அவர் திரும்பி வரவில்லை. வரச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

மாணவர்களே, இது பழங்கதை, இப்போதெல்லாம் இப்படி நடக்காது என்று நினைக்காதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முக்கியத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், அது வெகுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோற்றதாக அறிவிக்கும் மெயில்கள் போயிருக்கின்றன. ஆனால் அவற்றில் உரிய கையொப்பம் இல்லை என்று மெயில் சர்வரே வாங்க மறுத்துவிட்டது. என் சர்வர் யாரும் திறக்காத ஃபைலில் எழுதியது. அவர்களுடையது போய்ச் சேராத மெயிலில் எழுதியது. வித்தியாசம் அவ்வளவுதான். நல்ல வேளையாக, ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறு காரியத்துக்காக எடுத்த பிரதி ஒன்று இருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். மீட்கும் வேலையை உலகமே பார்க்க நேரடியாக ஒளிபரப்பினார்கள். நடந்ததை முழுதும் எழுதி வெளியிட்டார்கள். அழித்த பொறியாளரின் பெயரை அந்த அறிக்கையில் போடவில்லை. எந்த இடத்தில் ஏற்பாடு தோற்றது என்று மட்டும் எழுதினார்கள். அதைப் படித்த அன்று நான் வெகுநேரம் தூங்கவில்லை. விமானத் துறையில் இது பழைய வழக்கம். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறுகளை ரகசியமாகத் தெரிவிக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதை நடத்துவது நாசா. சொன்னவனைத் தண்டித்தால் அடுத்தவன் சொல்ல மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

முடிக்கும் முன் நாலு வார்த்தை. முதலாவது, எந்த அலாரத்தையும் நிறுத்தலாம், ஆனால் நிறுத்துவதற்கு முன் யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள். இரண்டாவது, மாதம் ஒரு தடவை பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். எடுத்துப் பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான். மூன்றாவது, பழுது வந்தால் மட்டும் மெயில் என்று வைக்காதீர்கள். 'எல்லாம் நலம்' என்றும் தினமும் ஒரு மெயில் வரட்டும். அது வராத நாள்தான் உங்களுக்கு மஞ்சள் விளக்கு. இப்போது உங்கள் மடிக்கணினியில் சுழலாத எஸ்.எஸ்.டி. இருக்கலாம். அதற்கும் தேய்மானம் உண்டு. எவ்வளவு தேய்ந்தது, உபரி எவ்வளவு மிச்சம் என்று அதுவும் கணக்குச் சொல்லும். கேளுங்கள்.

நாலாவது, நாளைக்கு நீங்கள் மேலதிகாரி ஆவீர்கள். உங்களுக்குக் கீழே சொற்பச் சம்பளத்தில் ஒருவர் ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். வாரம் ஒரு தடவை அந்த நோட்டை வாங்கிப் படித்துக் கீழே கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கையெழுத்தை நான் போட்டிருந்தால் அந்த அம்மாவுக்குப் படம் கிடைத்திருக்கும். அந்தத் தம்பி திருப்பூருக்குப் போக வேண்டியிருந்திருக்காது.

அந்த நோட்டு இன்றும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. காலையில் நம் மெஷின்ஸ் லேப்புக்குப் போனேன். புது மோட்டார்கள், புது மீட்டர்கள். சுவரில் அந்த ஆணி மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் ஒரு பதிவேட்டை வாங்கித் தொங்கவிட ஹெச்.ஓ.டி. அவர்களிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். கொடுத்திருக்கிறார். படிப்பதாகவும் சொல்லியிருக்கிறார்.